உடைத்துத் தரச் சொன்னவர்: ஹோவர்ட் ஹெட்

முதல்லயே ஒத்துக்கிறேன். நான் பனிமலையை நேர்ல பார்த்ததே இல்லை. திருநெல்வேலிக்காரனுக்குத் தெரிஞ்ச குளிர் மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி வரைக்கும்தான். வெள்ளையா ஒரு மலை குவிஞ்சு கிடக்கிறதைப் பார்க்கணும்னா தூத்துக்குடி உப்பளம் பக்கம் போகணும். அப்படிப்பட்ட நான் பனிச்சறுக்குப் பலகை செஞ்ச ஒருத்தரைப் பத்தி எழுதுறேன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எங்க டீமோட பைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு சாண்ட்விச் பேனல். மேலயும் கீழயும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவுல பனைநாரும் எபாக்ஸியும் சேர்த்த கோர். நம்ம ஊர்ல பனைமரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால டாபிக் சுலபமா அப்ரூவ் ஆயிடுச்சு. இரண்டாவது ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி பெண்டிங் டெஸ்ட்டுக்கு வெச்சோம். நாங்க கணக்குப் போட்ட லோடுல பாதி கூட வரலை. டப்புனு ஒரு சத்தம். தகடு தனியா, கோர் தனியா உரிஞ்சு வந்துடுச்சு. மொத்தம் மூணு பீஸ். மூணும் அதே கதைதான்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரும் உட்கார்ந்து பேசினது என்னன்னு நேர்மையா சொல்றேன். ரீடிங்கை லேசா சரி பண்ணி ரிப்போர்ட்ல போட்டுடலாமா என்பதுதான். மறுநாள் கைடு சார் உடைஞ்ச பீஸைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவே இல்லை. ஹோவர்ட் ஹெட்னு ஒரு பேரைச் சொல்லி, இவரைப் பத்திப் படிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டார். டென்னிஸ் ராக்கெட்ல, பேக்ல எல்லாம் ஹெட்னு ஒரு பேரைப் பார்த்திருப்பீங்க. அது ஒரு மனுஷனோட பேருன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

எழுத்தாளர் ஆக நினைத்தவர்

ஹோவர்ட் ஹெட் 1914 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சேரும்போது அவருக்கு இன்ஜினியர் ஆகும் எண்ணம் கிடையாது. எழுத்தாளர் ஆகணும் என்பதுதான் கனவு. எழுத்து வகுப்புகளில் மார்க் சரியாக வரவில்லை. வேறு வழியில்லாமல் இன்ஜினியரிங் பக்கம் மாறினார். அங்கே மார்க் தானாக வந்தது. 1936-ல் பட்டம் வாங்கினார்.

பட்டம் வாங்கியும் எழுத்து ஆசை விடவில்லை. நியூயார்க்கில் செய்திப்படம் எடுக்கும் ஒரு நிறுவனத்தில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச மாதங்களில் வேலை போனது. பத்திரிகை வேலையும் பார்த்தார், அதிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், டிகிரி முடிச்சும் செட்டில் ஆகாத அண்ணன். சொந்தக்காரங்க கல்யாண வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாத நிலைமை அமெரிக்காவிலும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு திறன் சோதனை எழுதினார். ஒரு பொருளை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, அதன் உள்ளே என்ன எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று கற்பனை செய்யும் திறமை அவரிடம் அசாதாரணமாக இருப்பதாக முடிவு வந்தது. அதாவது முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் கிளாஸில் நம்மில் பாதிப் பேரை அழ வைத்த அதே விஷயம், அவருக்குச் சும்மா வந்தது.

அதன் பிறகு பால்டிமோரில் இருந்த கிளென் எல். மார்ட்டின் விமானக் கம்பெனியில் சேர்ந்தார். ஹார்வர்ட் பட்டதாரி அங்கே ஆரம்பித்தது ரிவெட் அடிக்கும் வேலையில். இரண்டாம் உலகப் போர் காலத்தில் பி-26 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய கம்பெனி அது. ஹெட் அங்கேயே படிப்படியாக இன்ஜினியர் ஆனார். விமானத்துக்கு எடையும் குறைய வேண்டும், பலமும் குறையக் கூடாது. அதற்காக இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் லேசான ஒரு பொருளை வைத்து ஒட்டும் முறையை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். நாம் சாண்ட்விச் ஸ்ட்ரக்சர் என்று படிப்பது அதைத்தான்.

1947: கோபம் வந்த ஒரு ரயில் பயணம்

1947-ல் ஹெட் முதல் முறையாகப் பனிச்சறுக்குக்குப் போனார். இடம், வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் ஸ்டோவ். உயரமான மனிதர், வயது முப்பதைத் தாண்டியாச்சு. அன்றைக்கு ஸ்கீ என்றால் ஹிக்கரி என்ற கெட்டியான மரத்தில் செதுக்கிய, ஆள் உயரத்தை விட நீளமான இரண்டு பலகைகள். கனமாக இருக்கும், ஈரத்தில் ஊறும், வளைவு மாறிப்போகும். ஒரே ஜோடியில் இடது பலகை ஒரு மாதிரியும் வலது பலகை வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

ஹெட் அங்கே விழுந்தார், எழுந்தார், திரும்பவும் விழுந்தார். கற்றுக்கொள்ள ரொம்ப ஆசைதான், ஆனால் வரவில்லை. நாமாக இருந்தால் நமக்கு இதெல்லாம் செட் ஆகாதுன்னு சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்திருப்போம். ஹெட்டுக்கோ பலகை மேல்தான் கோபம் வந்தது. விமானத்தை மரத்தில் கட்டுவதை எப்போதோ நிறுத்தியாச்சு, இதை மட்டும் ஏன் இன்னும் மரத்தில் செய்கிறார்கள் என்று யோசித்தார். திரும்பி வரும் ரயிலிலேயே, விமானப் பொருட்களை வைத்து இதைவிட நல்ல ஸ்கீயைத் தன்னால் செய்ய முடியும் என்று கூட வந்தவரிடம் பெருமையடித்துவிட்டார்.

பெருமை பேசுவது சுலபம். ஆனால் அவர் ஊருக்கு வந்ததும் வேலை முடிந்த நேரங்களில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தார். 1948 ஜனவரியில் வேலையையே விட்டுவிட்டார். கையில் இருந்தது சீட்டாட்டத்தில் ஜெயித்துச் சேர்த்த 6,000 டாலர். பால்டிமோரில் ஒரு சந்துக்குள் சின்ன இடம் பிடித்து வேலையைத் தொடங்கினார். சீட்டாடிச் சம்பாதித்த முதலில் ஸ்டார்ட்அப் போடச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எஞ்சின் ஆயிலில் வெந்த ஸ்கீ

அவருடைய முதல் டிசைன் கேட்கவே அழகாக இருக்கும். மேலே ஒரு அலுமினியத் தகடு, கீழே ஒன்று. நடுவில் தேன்கூடு மாதிரியான பிளாஸ்டிக் கோர். பக்கங்களில் ஒட்டுப்பலகை. மர ஸ்கீயில் பாதி எடைதான் வரும் என்பது அவர் கணக்கு.

இதை ஒட்டுவதற்கு அழுத்தமும் சூடும் வேண்டும். பெரிய பிரஸ் வாங்கக் காசில்லை. அடுக்கி வைத்த ஸ்கீயை ஒரு ரப்பர் பைக்குள் போட்டு, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினார். வெளிக்காற்றின் அழுத்தம் தகடுகளை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பையை அப்படியே கொதிக்கிற எஞ்சின் ஆயில் தொட்டிக்குள் இறக்கினார். இன்று நம் காம்போசிட் லேபில் வேக்கம் பேகிங் என்று செய்கிறோமே, அதன் வீட்டுச் சமையல் வடிவம் இது. இடம் முழுக்கப் புகையும் எண்ணெய் நாற்றமுமாகத்தான் இருந்திருக்கும்.

ஆறு ஜோடி தயாரானது. எடுத்துக்கொண்டு ஸ்டோவுக்குப் போய், நன்றாகச் சறுக்கத் தெரிந்த பயிற்சியாளர்களிடம் கொடுத்தார். அவர்கள் ஸ்கீயை வளைத்துப் பார்த்தார்கள், சறுக்கிப் பார்த்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஆறு ஜோடியும் உடைந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு எங்க லேபில் கேட்ட அந்த டப் சத்தம் ஞாபகம் வந்தது. எங்களோடது மூணு பீஸ். அவரோடது வேலையை விட்டு, கைக்காசைப் போட்டுச் செஞ்ச ஆறு ஜோடி.

நாற்பது தடவை

ஹெட் அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. உடைந்த ஸ்கீக்கு அவர் சாக்குச் சொல்லவில்லை. சறுக்கியவர் சரியில்லை, பனி சரியில்லை என்று கிளம்பவில்லை. இன்னும் பலமாகச் சறுக்கும் ஆட்களைத் தேடிப் போனார். நீல் ராபின்சன் என்ற பயிற்சியாளரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ஹெட் புது ஸ்கீ அனுப்புவார். ராபின்சன் அதை உடையும் வரை ஓட்டுவார். உடைந்த துண்டுகள் குறிப்போடு பால்டிமோருக்குத் திரும்பி வரும். ஹெட் அதைப் பிரித்துப் பார்த்து அடுத்ததைச் செய்து அனுப்புவார். அது அடுத்த வாரம் உடைந்து வரும்.

இப்படி மூன்று குளிர்காலம் ஓடியது. சுமார் நாற்பது விதமான டிசைன்கள். ஒவ்வொரு உடைசலும் ஒரு பாடம் சொன்னது.

நடுவில் இருந்த தேன்கூடு கோர் நசுங்கியது. அதை எடுத்துவிட்டு ஒட்டுப்பலகை வைத்தார். மரமே வேண்டாம் என்று கிளம்பியவர் மரத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார். அலுமினிய விளிம்பு பனிக்கட்டியில் சீக்கிரம் மழுங்கியது. அதனால் எஃகு விளிம்பு வந்தது. அலுமினிய அடிப்பக்கத்தில் பனி ஒட்டிக்கொண்டு ஸ்கீ வழுக்கவே மாட்டேன் என்றது. அதனால் அடியில் ஒரு பிளாஸ்டிக் பரப்பு வந்தது. மேல்பக்கம் பளபளவென்று இல்லாமல் கறுப்பாக மாறியது. பிற்பாடு அந்தக் கறுப்புதான் ஹெட் ஸ்கீயின் அடையாளம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் எடையைக் கூட்டியது. ஒட்டுப்பலகை கனம், எஃகு கனம், பிளாஸ்டிக் கனம். பாதி எடை என்று அவர் போட்ட முதல் கணக்கு கடைசியில் நிற்கவில்லை. லேசான ஸ்கீ செய்யக் கிளம்பிய ஒருவருக்கு இது தோல்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் 1950-ல் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் டக்கர்மன் ரவைன் என்ற செங்குத்தான பனிச்சரிவில், கிளிஃப் டெய்லர் என்ற தேர்ந்த சறுக்கு வீரர் அந்த ஸ்கீயில் இறங்கியபோது வேறொன்று நடந்தது. ஸ்கீ உடையவில்லை. திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது. மூன்று வருஷ வேலை அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தது.

லேசு என்பது தராசில் மட்டும் இல்லை

எடை பெரிதாகக் குறையாமலேயே அது எப்படி லேசாக ஓடியது? இது நம்ம செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்தான்.

ஒரு பீமை வளைக்கும்போது மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும்தான் தகைவு அதிகம். நடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஐ-பீம் அந்த வடிவத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். சாண்ட்விச்சில் மேலும் கீழும் இருக்கும் தகடுகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். நடுவில் இருக்கும் கோர் இரண்டையும் விலகாமல், நழுவாமல் பிடித்துக்கொள்ளும். தகடுகளுக்கு இடையே இருக்கும் தூரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். எடை அந்த அளவுக்கு ஏறாது.

ஸ்கீக்கு இன்னொரு தேவை உண்டு. நீளவாக்கில் அது வளைய வேண்டும், அப்போதுதான் மேடுபள்ளத்தில் படிந்து போகும். ஆனால் குறுக்கே முறுக்கக் கூடாது. திரும்பும்போது விளிம்பு பனியில் பதியும் நேரத்தில் பலகை முறுக்கிக்கொண்டால் பிடி போய்விடும். மரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவருவது கஷ்டம். வளைய விட்டால் முறுக்கும், முறுக்காமல் கெட்டியாக்கினால் வளையாது. ஹெட்டின் உலோகத் தகடுகள் இந்த இரண்டையும் பிரித்துக் கொடுத்தன. அந்த ஸ்கீயைத் திருப்ப உடம்பு போட வேண்டிய பலம் குறைந்தது. தராசில் என்ன எடை காட்டினாலும் காலுக்கு அது லேசாக இருந்தது.

இன்னும் ஒன்று. ஹெட் இதைச் சாம்பியன்களுக்காகச் செய்யவில்லை. தன்னை மாதிரி முப்பது வயசுக்கு மேல் கற்றுக்கொள்ள வந்து, விழுந்து விழுந்து வெறுத்துப்போன ஆட்களுக்காகச் செய்தார். அவருக்கு நன்றாகச் சறுக்கத் தெரிந்திருந்தால் மர ஸ்கீயில் குறை இருப்பதே கண்ணில் பட்டிருக்காது. தெரியாதவராக இருந்ததுதான் அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது.

ஏமாற்றுப் பலகை

முதல் சீசனில் விற்றது சுமார் 300 ஜோடி. விலை 85 டாலர். மர ஸ்கீயோடு ஒப்பிட்டால் அந்தக் காலத்துக்கு ரொம்ப அதிகம். ஆனாலும் வாங்கியவர்கள் வாய்வழியாகவே விளம்பரம் செய்தார்கள். நேற்று வரை தடுமாறியவர் இன்று அழகாகத் திரும்புவதைப் பார்த்த பழைய கைகளுக்குப் பொறுக்கவில்லை. அதற்கு ஏமாற்றுப் பலகை என்றே பட்டப்பேர் வைத்தார்கள். கேலிதான், ஆனால் அந்தக் கேலியே விற்பனையைக் கூட்டியது. எல்லா விதப் பனியிலும் ஒரே ஜோடி ஓடும் என்ற நம்பிக்கை சாதாரண மக்களுக்கு வந்தது. இன்று கடைகளில் ஆல்-மவுண்டன் ஸ்கீ என்று ஒரு வகையே இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஹெட்டின் ஸ்டாண்டர்ட் மாடலை ஒரு முன்னோடியாகச் சொல்லலாம்.

வியாபாரம் மட்டும் உடனே சீராகவில்லை. செய்து கொடுக்கவே கைக்காசு போதாத நிலை. 1953-ல் கம்பெனியின் 40 சதவீதத்தை 60,000 டாலருக்கு ஒரு முதலீட்டாளரிடம் கொடுத்துத்தான் மூச்சு விட்டார். அதன் பிறகு வளர்ச்சி வேகமாக இருந்தது. 1960-களின் நடுவில் வருஷத்துக்கு லட்சம் ஜோடிக்கு மேல் விற்கும் கம்பெனியாக அது மாறியது.

பந்தய வீரர்கள் மட்டும் ரொம்ப நாள் தள்ளியே நின்றார்கள். அதிவேகத்தில் உலோக ஸ்கீ அதிர்ந்தது. 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பிரான்ஸின் ஜான் வுவார்னே உலோக ஸ்கீயில் டவுன்ஹில் தங்கம் வாங்கினார். ஆனால் அது பிரெஞ்சுக் கம்பெனி ரோசின்யோலின் ஸ்கீ. ஹெட் தன் பலகையில் ஒரு ரப்பர் படலத்தைச் சேர்த்து அதிர்வை அடக்கினார். பந்தயத்துக்கென்று தனி மாடலும் வந்தது. லேசான பொருள் சீக்கிரம் அதிரும், அதை அடக்க மறுபடி எடை சேர்க்கணும். இந்த இழுபறி இன்று வரை தீரவில்லை.

அவரும் சறுக்கிய இடம்

இதுவரைக்கும் படிச்சா ஹெட் தப்பே செய்யாதவர் மாதிரி தெரியும். அப்படி இல்லை.

1960-களில் ஃபைபர்கிளாஸ் ஸ்கீக்கள் வர ஆரம்பித்தன. அதிர்வு குறைவு, எடையும் குறைவு, வண்ண வண்ணமாக இருக்கும். இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஹெட் கறுப்பு அலுமினியத்தை விட்டு நகரத் தயங்கினார். ஒரு காலத்தில் வாராவாரம் தன் டிசைனை மாற்றிய மனிதர், அது ஜெயித்த பிறகு அதை மாற்ற மனசில்லாமல் நின்றார். முன்பு மரம்தான் சிறந்தது என்று சொன்னவர்கள் நின்ற அதே இடத்தில் இப்போது அவர் நின்றார். 1969-ல் கம்பெனியை ஏஎம்எஃப் என்ற நிறுவனத்துக்கு 16 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். பணம் வந்தது. ஆனால் பொருளை உருவாக்கிய பட்டறை கையை விட்டுப் போனது.

எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுகிறது. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வதை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். ஜெயித்த பிறகும் அப்படியே கற்றுக்கொண்டிருப்பது ஹெட்டுக்கே கஷ்டமாக இருந்திருக்கிறது.

திரும்பவும் ஒரு விளையாட்டு வராமல்

ஓய்வுக் காலத்தில் டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனார். வழக்கம் போல அதுவும் வரவில்லை. பயிற்சிக்குப் பந்து வீசும் மெஷின் ஒன்றை வாங்கினார். பிரின்ஸ் என்ற சின்னக் கம்பெனி செய்தது. அந்த மெஷினைத் திருத்தத் தொடங்கி, கடைசியில் கம்பெனிக்குள்ளேயே வந்துவிட்டார்.

மெஷின் சரியான பிறகும் ஆட்டம் சரியாகவில்லை. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் ராக்கெட் கையில் திருகிக்கொண்டது. பழைய கோபம் திரும்ப வந்தது. இங்கேயும் முறுக்கம்தான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். எடையை மைய அச்சிலிருந்து தள்ளி வைத்தால் திருகுவதற்கான எதிர்ப்பு, தூரத்தின் இருமடி அளவில் கூடும். அதாவது மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. தலையை அகலமாக்கினால் ராக்கெட்டின் எடையை ஏற்றாமலேயே திருகலைக் குறைக்கலாம். பந்து நன்றாகப் படும் பகுதியும் பெரிதாகும். 1976-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1978 அமெரிக்க ஓபனில் 16 வயது பாம் ஷ்ரைவர் அந்தப் பெரிய ராக்கெட்டோடு இறுதிப் போட்டி வரை போனார். அதோடு சிரிப்பு அடங்கியது.

1982-ல் பிரின்ஸ் கம்பெனி 62 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. 1991 மார்ச் 3 அன்று, 76-வது வயதில், ஹெட் பால்டிமோரில் காலமானார். இரண்டு விளையாட்டுகளின் கருவிகளை மாற்றிய அவர், இரண்டிலுமே பெரிய ஆட்டக்காரர் இல்லை.

நம்ம ஊரிலிருந்து பார்த்தால்

நெல்லையில் ஸ்கீ வாங்குபவர் யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பணகுடி, ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளைப் பாருங்க. அந்த இறக்கைகள் பலவற்றின் உள்ளேயும் இதே சாண்ட்விச்தான். வெளியே கண்ணாடி இழை, நடுவில் பால்சா மரமோ நுரைப் பொருளோ. மகேந்திரகிரியில் சோதிக்கும் எஞ்சின்கள் தூக்கிப்போகும் செயற்கைக்கோள்களின் சட்டத்திலும் தேன்கூடு கோர் பேனல்கள் உண்டு. ஹெட் எஞ்சின் ஆயிலில் வேக வைத்த அந்த எண்ணம் நம்ம தலைக்கு மேலேயே சுற்றுகிறது.

ஒருவேளை வேலை கிடைச்சு, நாலு காசு சேர்த்து, குல்மார்குக்கோ ஆலிக்கோ போறீங்கன்னு வைங்க. வாடகைக் கடையில் வரிசையாக ஸ்கீ நிற்கும். எதை எடுப்பது? ஹெட்டின் கதையே பதில் சொல்கிறது. இருப்பதிலேயே லேசானதைத் தேடி எடுக்க வேண்டாம். கார்பன் நிறைய இருப்பது தூக்கிக்கொண்டு ஏற நல்லது, ஆனால் கெட்டிப் பனியில் வேகமாக இறங்கும்போது தடதடக்கும். இரண்டு உலோகத் தகடு வைத்தது ரயில் மாதிரி நிற்கும், ஆனால் கற்றுக்கொள்பவர் காலை ஒடிக்கும். நடு அகலம் 80 முதல் 100 மில்லிமீட்டருக்குள், மரக் கோர், அளவான விறைப்பு. எல்லா இடத்திலும் ஓரளவு நன்றாக ஓடுவது இந்த மாதிரி ஒன்றுதான். முதல் தடவை போகிறவர் அந்த அகலத்திலும் குறைந்த பக்கமாக, தன் உயரத்தை விடக் குட்டையாக, எளிதில் வளைவதாகக் கேட்டு வாங்கலாம். நமக்குத் திருப்ப வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எடை அதற்கு அப்புறம்.

எங்க ப்ராஜெக்ட் கதையை முடிச்சுடறேன். சார் சொன்ன மாதிரி உடைஞ்ச பரப்பைத் திரும்பப் பார்த்தோம். அலுமினியத் தகட்டில் எபாக்ஸி ஒரு பொட்டுக் கூட ஒட்டியிருக்கவில்லை, கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்தது. அதாவது எங்க பனைநார் கோர் தோற்கவே இல்லை. தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாத் துடைக்காம, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம ஒட்டினது நாங்க. ரீடிங்கை மாத்தி எழுதியிருந்தா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

ரிவ்யூவில் உடைஞ்ச மூணு பீஸையும் மேசை மேல வெச்சோம். மார்க் கொஞ்சம் குறைஞ்சதுதான். இப்போ தகடு தேய்ச்சு, கழுவி, அடுத்த மூணு பீஸ் ஒட்டி வெச்சிருக்கோம். வர்ற வியாழக்கிழமை டெஸ்ட். இந்தத் தடவை கோர் உடையுதா, ஒட்டு விடுதான்னு பார்க்க நாலு பேரும் லேபில் இருப்போம். ஜூனியர்ஸ் யாருக்காவது வந்து பார்க்க ஆசை இருந்தா தாராளமா வாங்க.